கடலோர வேலையிடங்களில் அபாயங்களும் இடர்க் கணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டக் கரையில், வடகடலான பாக் விரிகுடாவில் தொண்டி முதல் மண்டபம் வரையிலும், தென்கடலான மன்னார் வளைகுடாவில் பாம்பன் முதல் மூக்கையூர் வரையிலும் உள்ள விசைப்படகுகள், ஐஸ் ஆலைகள், கருவாட்டுக் களங்கள், உப்பளங்கள் ஆகியவற்றில் வேலை செய்பவர்களும் அவற்றை நடத்துபவர்களும் பாதுகாப்புப் பயிற்சிகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. பெரிய ஆலைகளுக்கென எழுதப்பட்ட கையேடுகள் ஏராளமாக இருக்கின்றன. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அவை பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதால், இந்தக் கரையில் நாள்தோறும் நடக்கும் வேலைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதியிருக்கிறேன்.

அபாயம், இடர் இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கணிப்புக்கு உட்காரும்போது பிரித்துப் பார்க்க வேண்டும். தீங்கு செய்யக்கூடிய பொருளோ நிலையோ செயலோ அபாயம் எனப்படும். அந்தத் தீங்கு யாருக்கு, எவ்வளவு எளிதாக, எவ்வளவு கடுமையாக நேரக்கூடும் என்ற கணக்கு இடர் எனப்படும். திருக்கையின் வால்முள் ஓர் அபாயம். வலையிலிருந்து மீனைப் பிரிக்க நேற்றுதான் வந்து சேர்ந்தவர், அரை வெளிச்சத்தில், வெறுங்கையோடு அந்த வலைக்குள் கைவிடும்போது இடர் மிக அதிகம். வாலை முதலில் நறுக்கிவிட்டுப் பிரிக்கத் தெரிந்த மூத்தவர் பகல் வெளிச்சத்தில் அதே வேலையைச் செய்யும்போது இடர் குறைவு. மீனும் முள்ளும் மாறவில்லை. வேலை நடக்கும் விதம் மாறியிருக்கிறது. நம்மால் மாற்ற முடிவதும் பெரும்பாலும் அதைத்தான்.

இடர்க் கணிப்பை யார் செய்ய வேண்டும்? வெளியிலிருந்து நிபுணரை வரவழைக்க வேண்டுமா?

அழுத்தக் கலன், மின்னிணைப்பு, நச்சு வாயு போன்றவற்றுக்குத் தகுதி பெற்ற ஒருவரின் உதவி கட்டாயம் தேவை. மற்றவற்றில், அந்த வேலையை நாள்தோறும் செய்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு உரிமையாளரே வேலையிடத்தைச் சுற்றி நடப்பதற்கு ஈடான வழி வேறில்லை. அலுவலக மேசையில் அமர்ந்து எழுதிய கணிப்பு, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும். வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது செய்கிறவருக்கே தெரியும்.

நடக்கும்போது வழக்கமான வேலைகளை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. கழுவுதல், பழுது பார்த்தல், அடைப்பெடுத்தல், நெடுநாள் மூடிக் கிடந்ததை மீண்டும் திறத்தல் ஆகிய, எப்போதாவது நடக்கும் வேலைகளிலேயே உயிர் போகும் விபத்துகள் அதிகம் பதுங்கியிருக்கின்றன. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் ஒரே வாரத்தில் கடலுக்குத் தயாராகும் நாட்களை, ஆண்டின் இடர் மிகுந்த நாட்களுள் ஒன்றாகக் கருதி முன்னேற்பாடு செய்ய வேண்டும்.

கண்டறிந்த ஒவ்வோர் அபாயத்துக்கும், நேர்வதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 3 வரையும், விளைவின் கடுமைக்கு 1 முதல் 3 வரையும் மதிப்பெண் இட்டுப் பெருக்கி, பெரிய எண் வந்ததை முதலில் கவனிப்பது எளிய முறை. ஆயினும் ஓர் எச்சரிக்கை: உயிர் போகக்கூடிய எதையும், "வாய்ப்புக் குறைவுதான்" என்று சொல்லிப் பட்டியலின் அடியில் தள்ளக் கூடாது. இருபது ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்பது, இருபது ஆண்டுகளாகப் பாதுகாப்பாக இருந்தோம் என்பதற்குச் சான்றாகாது.

கையுறை, பூட்ஸ், முகக்கவசம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது போதாதா?

போதாது. தற்காப்புக் கருவிகள் வரிசையில் கடைசியாக வருபவை. அபாயத்தை அடியோடு நீக்க முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தீங்கு குறைந்த வேறொன்றால் மாற்ற முடியுமா. அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் அபாயத்துக்கும் நடுவே தடுப்பு வைக்க முடியுமா. அதன் பிறகே வேலை நேரத்தையும் முறையையும் மாற்றுவது, பயிற்சி தருவது. எல்லாம் செய்தும் எஞ்சியிருக்கும் இடருக்குத்தான் கருவி. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. நீக்கப்பட்ட அபாயம் யாருடைய கவனத்தையும் நம்பியிருப்பதில்லை. கையுறையோ, அதை அணிபவர் மறக்காமலும், கிழியாமலும், வேர்வையில் கழற்றாமலும் இருந்தால்தான் பயன் தரும். சுழலும் வின்ச்சின் (வலைக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறியின்) அருகே தளர்ந்த கையுறை அணிவதே விரலை உள்ளே இழுத்துவிடும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உப்பளத்தில் வெயிலை எப்படி நீக்க முடியும்?

வெயிலை நீக்க முடியாது. வெயிலோடு சேர்ந்து ஆளை வீழ்த்தும் மற்றக் காரணங்களை நீக்க முடியும்.

வாலிநோக்கம், திருப்பாலைக்குடி, கோப்பேரிமடம் பகுதிகளில் கோடையில்தான் உப்பு நன்றாக விளைகிறது. ஆகவே வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களும் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மேலிருந்து விழும் வெயில் போதாதென்று, வெண்ணிற உப்பிலும் பாத்தி நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தையும் கண்ணையும் கீழிருந்து தாக்குகிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பி மட்டும் இருந்தால் இந்தக் கீழொளி தடுக்கப்படாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும்.

ஒருமுறை ஓர் உப்பளத்தில் நண்பகல் வேளையில் வரப்போரம் நின்றிருந்தேன். வாரிக் குவித்த உப்பின் நிழலில் பெண்களின் தூக்குவாளிகளும் தண்ணீர் பாட்டில்களும் வரிசையாக இருந்தன. காலை ஆறு மணிக்கு நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில்களில் ஏழெட்டு, கழுத்துவரை அப்படியே நிறைந்திருந்தன. தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லையே என்று உரிமையாளர் வருத்தப்பட்டார். பிறகு ஓர் அக்கா சொன்ன காரணம் எளிமையானது: கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைவான இடம் ஒன்றும் இல்லை, குடித்தால் ஒதுங்க எங்கே போவது? அந்த உப்பளத்தின் கணிப்பு ஏட்டில் "வெப்பம்" என்ற அபாயமும், அதற்கு எதிரே "குடிநீர் வழங்கப்படுகிறது" என்ற தீர்வும் எழுதப்பட்டிருந்தன. எழுதியிருக்க வேண்டிய சொல் கழிப்பறை. நீரை அடக்கி வைப்பதால் வரும் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் அந்த ஏட்டில் இடம்பெறவே இல்லை.

ஆகவே, நடந்து போகும் தொலைவில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் நிழல் கொட்டகையும் அமைப்பதே முதல் வேலை. அதன் பிறகு, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் நீர் குடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். வேலையை விடியலுக்கு முன் தொடங்கி முற்பகலிலேயே முடித்துக்கொள்வது நம்மவர்களுக்குப் பழக்கமானதே; கூலி குறையாமல் அதை முறைப்படுத்த வேண்டும். வெயில் வேலைக்குப் புதிதாக வருபவரை முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செய்ய விடாமல், நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டிச் செல்வது நல்லது, ஏனெனில் வெப்பத்தால் வீழ்பவர்களில் முதல் சில நாட்களிலேயே வீழ்பவர்கள் மிகுதி.

ஒருவர் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ வெப்பத் தாக்கு என்றே கொள்ள வேண்டும். நிழலுக்குத் தூக்கி வந்து, உடல் முழுதும் நீரூற்றி விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

படகின் மீன் அறைக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தார். காப்பாற்ற இறங்கியவரும் விழுந்தார். ஏன் அப்படி?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படிக்க வேண்டுகிறேன்.

மூடிய அறையில் தங்கிய மீன் கழிவும் இரத்த நீரும் அழுகும்போது நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனை உண்டு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை வெளியிடுகின்றன. இவ்விரண்டும் காற்றைவிடக் கனமானவை என்பதால் அறையின் அடியில் தேங்குகின்றன. வாசலில் தலையை நீட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏணியில் இறங்கிக் குனிந்தவுடன் நினைவு தப்பும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று ஒருவர் நினைக்கும் கணமே மிகக் கொடிய கணமாக இருக்கக்கூடும்.

காற்றில் இயல்பாக 20.9 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. 19.5-க்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. நம் ஊர்களில் கிணற்றில் தூர் வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. முன்னோரின் அந்த எச்சரிக்கையுணர்வை மதிக்கிறேன். ஆனாலும் இங்கே அது உதவாது. ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதும் விளக்கு நின்று எரியும். எரியக்கூடிய வாயு இருந்தால் வெடிக்கவும் செய்யும். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்ப்பதே வழி. படகுக்கு ஒன்று வாங்க இயலாவிட்டால், துறைமுகத்துக்கு ஒன்றைச் சங்கம் பொதுவாக வாங்கி வைக்கலாம்.

எல்லா மூடிகளையும் திறந்து, ஊதுகாற்றாடியின் குழாயை அறையின் அடிவரை விட்டு நன்றாகக் காற்றோட்டம் தந்து, அளந்து பார்த்து, இறங்குபவர் உடலில் வார்ப்பட்டை அணிவித்து, அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையோடு ஒருவர் வாசலிலேயே நிற்க வேண்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. உள்ளே இருப்பவர் விழுந்தால் வெளியில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தூக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. தம்பியோ மகனோ உள்ளே கிடக்கும்போது இப்படிச் சொல்வது கொடுமையாகத்தான் இருக்கும். அதனால்தான் கயிற்றை முன்பே கட்டச் சொல்கிறோம். மருத்துவ ஆக்சிஜனையோ வெல்டிங் ஆக்சிஜனையோ அறைக்குள் திறந்துவிடும் தவறையும் செய்யக் கூடாது. ஒரு பொறியில் எல்லாம் பற்றிக்கொள்ளும்.

ஐஸ் ஆலையில் அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது?

காற்று வரும் திசையைப் பார்த்து, கசிவின் குறுக்காக விலகி, காற்று வரும் அந்தத் திசை நோக்கியே வெளியேற வேண்டும். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும். அதனால்தான் ஈரமான கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் தேடிச் சென்று சுடுகிறது. அதே இயல்பால், நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வர முடியும். காற்றில் பரவும் புகையை நீர்த்திரையால் அடக்கவும் முடியும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாவின் மீது நீரைப் பாய்ச்சக் கூடாது. அதன் கொதிநிலை சுழிக்குக் கீழே 33 டிகிரி. நம் ஊர் நீர் அதற்கு வெந்நீர். மேலும் வேகமாக ஆவியாகும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

கசிவு பெரும்பாலும் ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக நேர்வதில்லை. குளிரூட்டும் அமைப்பிலிருந்து எண்ணெய் வடிக்கும்போதோ, வால்வு மாற்றும்போதோ நேர்கிறது. எண்ணெய் வடிக்கும் குழாயில், கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் வால்வைப் பொருத்துவது சிறிய செலவில் பெரிய காப்பு. அந்த வேலையை ஒருவர் மட்டும் தனியாகச் செய்யக் கூடாது.

நான் பயிற்சி தரப் போயிருந்த ஓர் ஐஸ் ஆலையில், வாயுத் தடுப்பு முகக்கவசம் இருக்கிறதா என்று கேட்டபோது, இரண்டு இருக்கின்றன என்று பெருமையோடு சொன்னார்கள். பார்க்கக் கேட்டேன். அலுவலக அறையின் பீரோவில் பூட்டியிருந்தன. சாவி கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. அவர் ஊருக்குப் போயிருந்தார். அரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது, வடிகட்டிகளின் காலம் கடந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. முகக்கவசம் இயந்திர அறைக்கு வெளியே, கதவருகே, பூட்டாத பெட்டியில் இருக்க வேண்டும். மேலும், வடிகட்டி வைத்த கவசம் தப்பி வெளியேறத்தான். கசியும் அறைக்குள் நுழைய, காற்றுருளையோடு கூடிய சுவாசக் கருவியும் அதில் பயிற்சி பெற்றவரும் வேண்டும். இல்லையென்றால் தீயணைப்புத் துறையினர் வரும்வரை எல்லோரும் வெளியே நிற்பதே சரி.

விசைப்படகில் கவனிக்க வேண்டியவை எவை?

வின்ச்சும் இழுவைக் கயிறும் முதலில் வருகின்றன. மடி (இழுவலை) பாறையில் சிக்கி, கயிறு விண்ணென்று இறுகி நிற்கும்போது அது அறுந்தால் எந்தக் கோட்டில் பாயுமோ அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. தளத்தில் அந்தப் பகுதியைச் சிவப்புப் பெயின்டால் தீட்டி வைக்கலாம். பல்சக்கரத்துக்கு மூடி, கைக்கெட்டும் நிறுத்து விசை, லுங்கிக்குப் பதிலாகக் கால்சட்டை ஆகியவை கட்டாயம். இரவில் ஆள் கடலில் விழும் விபத்துகளில் ஒன்று யாரும் பேசாதது: சிறுநீர் கழிக்கப் படகின் ஓரத்துக்குத் தனியாகப் போவது. பிடித்துக்கொள்ள இடுப்பளவுக் கம்பி வைப்பதும், போகுமுன் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் பெரிய செலவில்லாத தீர்வுகள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு உள்ள இடர்கள் எவை?

விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் வேலையின் இடர்களை எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள். ஆகவே இரண்டை மட்டும் சொல்கிறேன். மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுவதால் அதிக நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்ற எண்ணம் தவறு. உடல் மூச்சுக்குத் தவிக்கும் அறிகுறியை அது தள்ளிப்போடுவதால், நீருக்கடியில் எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தப்பும். ஒருவர் மூழ்கும்போது மற்றொருவர் மேலே பார்த்திருப்பது இதற்காகவே. திருக்கை முள் தைத்தால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில், ஏறக்குறைய 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். வலியில் இருக்கும் காலுக்குச் சூடு சரியாக உறைக்காது. நீரின் சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். முள் மார்பிலோ வயிற்றிலோ தைத்திருந்தால் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கரையில் வேலை செய்பவர்களும் நிறுத்த வேண்டுமா?

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை எண் கொண்டது. 1, 2 தொலைவில் உள்ள புயலையும், 3, 4 துறைமுகத்துக்கு வரக்கூடிய மோசமான வானிலையையும், 5 முதல் 7 வரை ஆபத்தையும், 8 முதல் 10 வரை பெரும் ஆபத்தையும், 11 தகவல் தொடர்பே அறுந்ததையும் குறிக்கும். படகுகளுக்கு அனுமதிச் சீட்டு நிறுத்தப்படும்போதே, கரையில் உயரத்தில் செய்யும் வேலைகளையும் கூரைத் தகடு சார்ந்த வேலைகளையும் நிறுத்துவது என் பரிந்துரை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நேர்ந்ததைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஈரமான இடங்களில் மின்சாரத்தை எப்படிக் கையாள்வது?

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை ஒவ்வொரு மோட்டாருக்கும் பொருத்தி, அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று இணைப்புகளை விரைவில் அரிக்கும் என்பதால் பூமி இணைப்பையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளர் சட்டப்படி என்ன செய்யலாம்?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், காயம் விளைவிக்கக்கூடிய அபாயங்கள் இல்லாமல் வேலையிடத்தை வைத்திருக்கும் கடமையை உரிமையாளருக்கு விதிக்கிறது. கடுங்காயமோ மரணமோ உடனடியாக நேரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர், அதை உரிமையாளரிடமும் அதே வேளையில் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மை என்று உரிமையாளர் ஏற்றால் உடனே சரிசெய்ய வேண்டும்; ஏற்காவிட்டாலும் அதை ஆய்வாளரின் முடிவுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் பொதுவாகப் பத்து பேருக்குக் குறையாத இடங்களுக்கே பொருந்தும். மீனவர்களுக்குப் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில், இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் வரையறுக்கப்பட்டுள்ளன. மீனவர் நலவாரியப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்பதை இப்போதே சரிபார்த்து வைக்க வேண்டுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர்தான். இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

எழுத வேண்டும், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். குறிப்பாக, நூலிழையில் தப்பியவற்றை எழுத வேண்டும். தவறு செய்தவர் பெயரைத் தேடாமல், நடந்ததை மட்டும் எழுதினால்தான் அடுத்த முறையும் வந்து சொல்வார்கள். முதல் பக்கத்தில் 108, கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதலாம். ஒரு கருவாட்டுக் களத்தின் நோட்டில் இருந்த பதிவை, அவர்கள் இசைவோடு, அப்படியே தருகிறேன்:

"செவ்வாய். கழுவும் தொட்டிப் பக்கம் காலை மூன்று பேர் வழுக்கினார்கள், அடி இல்லை. தண்ணீர் போகும் வழி செதிலால் அடைத்திருந்தது. சல்லடை போட வேண்டும். வியாழன். சல்லடை போட்டாச்சு, 180 ரூபாய். தினமும் சாயங்காலம் தட்டுவது முருகாயி அக்கா பொறுப்பு. அக்கா லீவு என்றால் நான்."